ஆர்க்கிட் இளவரசன் செத்த கதை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் பார்த்துவிட்டு வந்ததும் உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு கதை அனுப்பினார். ஆர்க்கிஸ் என்ற இளைஞன் டயோனிசஸ் என்ற மதுக் கடவுளின் விழாவில் பெண் பூசாரியிடம் அத்துமீறினானாம். கூட்டம் அவனைப் பிய்த்து எறிந்ததாம். தேவர்கள் அவனைச் செடியாக்கினார்களாம். கிரேக்கப் புராணத்தில் இது உண்டா? வெனிலாவும் ஆர்க்கிட்தான் என்கிறார்கள். அந்தப் பெயரும் கிரேக்கமா?

க., சேலம்

அன்புள்ள க.,

பழைய கிரேக்க நூல்களில் அந்தக் கதை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் கட்டிவிட்டது. பெயர் முதலில் வந்தது, இளவரசன் ஈராயிரம் வருடம் கழித்து வந்தான்.

உண்மைக் காரணம் கொஞ்சம் கூச்சமானது. கிரேக்கத்தில் ஆர்க்கிஸ் என்றால் ஆணின் விரை. விரையில் வரும் அழற்சியை டாக்டர்கள் ஆர்க்கைட்டிஸ் என்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவருடைய பள்ளியை நடத்திய தியோஃப்ராஸ்டஸ், கி.மு. 300 வாக்கிலேயே செடிக்கு இந்தப் பெயரை எழுதிவிட்டார்.

ஏற்காட்டில் நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் மரத்தில் தொற்றி வளர்பவை. அவற்றை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பெயர்க்காரணம் பிடிபடாது. மத்தியத்தரைக்கடல் பக்கத்து ஆர்க்கிஸ் தரையில் வளர்வது. பூத்திருக்கும்போது தோண்டினால் அடியில் ஜோடியாக இரண்டு கிழங்கு இருக்கும். ஒன்று இந்த வருடப் பூவுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சுருங்கித் தொய்ந்து கிடக்கும். மற்றது அடுத்த வருடத்துக்கானது, திரண்டு கெட்டியாக இருக்கும். பெயர் வைத்தது பூவை ரசித்தவர்கள் அல்ல, வேர் தோண்டி விற்றவர்கள் என்றே நினைக்கிறேன்.

உருவம் அப்படி இருந்தால் குணமும் அப்படித்தானே என்று நம்பினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயாஸ்கொரிடீஸ், பெரிய கிழங்கை ஆண் தின்றால் ஆண் பிள்ளை, சிறியதைப் பெண் தின்றால் பெண் பிள்ளை என்று ‘சொல்கிறார்கள்’ என்கிறார். பட்டும் படாமலும்! கிரேக்கத்தின் தெசலிப் பகுதிப் பெண்கள் இளங்கிழங்கை ஆட்டுப்பாலில் கலந்து ஆசையைத் தூண்டக் கொடுப்பார்களாம். வாடியது ஆசையை அடக்க.

சிரிக்காதீர்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் தாது புஷ்டிக்குப் பாலில் கலந்து குடிக்கச் சொல்லி விற்கும் சாலாமிசிரி, ஆர்க்கிட் கிழங்குதான். அரபியில் ‘நரியின் விரை’ என்றிருந்த பெயர் சுருங்கித் தேய்ந்து ‘சாலா’ ஆனது. மிசிரி என்றால் எகிப்துக்காரச் சரக்கு என்று பொருள். துருக்கியில் இதே கிழங்கு மாவில் பானமும் இழுபடும் ஐஸ்கிரீமும் செய்கிறார்கள். அதற்காகத் தோண்டித் தோண்டிக் காட்டுச் செடிகள் அருகிவிட்டன. நம் கடைச் சரக்கு எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்களேன்.

அப்புறம், ஆர்க்கிட் என்பதில் உள்ள ‘ட்’ கிரேக்கத்தில் கிடையாது. பிற்கால லத்தீனில் தவறாக ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர், 1845இல்.

வெனிலா கிரேக்கம் இல்லை. ஸ்பானியச் சொல், ‘சின்ன உறை’ என்று பொருள். நீளமான அந்தக் காயைப் பார்த்து வைத்தது.