அதே தீம் பார்க்கா, புது இடமா? முதலில் சின்னவனின் உயரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வருடத்தில் ஒரு தடவைதான், பிள்ளைகளின் ஓகஸ்ட் லீவில், மூன்று நான்கு நாள் எங்காவது போவோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. ஹங்வெல்லப் பக்கம் இருக்கிற லெஷர் வேர்ல்ட் தீம் பார்க்குக்கு இதுவரை மூன்று முறை போய்விட்டோம். இந்த முறையும் அங்கேதான் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கணவருக்கு நுவரெலியா பார்க்க வேண்டும். கூட வருகிற மாமிக்கு 68 வயது. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பது காசை வீணாக்குவதுதானே?

பதில்: இல்லை தங்கச்சி, வீண் இல்லை. ஆனால் இந்த ஓகஸ்டில் அங்கே போகாதீர்கள். நுவரெலியாவுக்கும் போகாதீர்கள். இரண்டுக்கும் காரணம் மழை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திருகோணமலையில் இருந்து குடும்பங்களுக்கு வான் பிடித்து, அறை போட்டு, பயணம் ஒழுங்கு செய்து கொடுப்பது இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். உங்கள் வீட்டில் நடக்கிற இதே இழுபறியை எத்தனையோ வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் புது இடம் கேட்பார்கள், பிள்ளைகள் பழைய இடம் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு விவரம் இல்லை என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி அந்த நினைப்புத்தான் பிழை.

நாங்கள் வெள்ளிக்கு வெள்ளி கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறோம். இராவணன் வெட்டில் நின்று அதே கடலை எட்டிப் பார்க்கிறோம். போன கிழமை பார்த்ததுதானே என்று யாரும் கீழேயே நின்றுவிடுவதில்லை. அப்படியிருக்க, பிள்ளை அதே ராட்டினத்தை மறுபடி கேட்டால் மட்டும் ஏன் நமக்குக் காசு ஞாபகம் வருகிறது?

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ'பிரையன் இதைச் சோதித்துப் பார்த்து 2019 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு கண்காட்சியைப் பார்த்து முடித்தவர்களிடம், இதையே இன்னொரு தடவை பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், அலுத்துவிடும் என்றார்கள். உண்மையிலேயே இரண்டாம் தடவை பார்த்தவர்கள் அந்த அளவுக்கு அலுப்படையவில்லை. முதல் தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நினைக்கிறோம், பார்த்திருப்பதோ பாதிதான். தீம் பார்க்கில் இது இன்னும் உண்மை. முதல் தடவை போகிற குடும்பம் வாசலில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே என்று தேடியே ஒரு மணித்தியாலத்தைக் கழிக்கும். உங்கள் மகள் இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் தம்பியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எதற்கு வரிசை நீளும், எதைக் காலையிலேயே முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பெருமையும் அவள் கேட்கிற சந்தோஷத்தில் ஒரு பங்கு.

சரி, சின்னவனுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அவனுடைய வயதுதான். மூன்று முறை போனோம் என்கிறீர்கள். உங்களுக்கு மூன்று, அக்காவுக்கு மூன்று. அவனுக்கு? ஒரு தடவை இரண்டு, மூன்று வயதில் போயிருந்தால் அது அவன் கணக்கில் இல்லை; மூன்று மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. மற்ற முறைகளில் அவன் குட்டிப் பிள்ளைகளின் ராட்டினத்தில் சுற்றியிருப்பான். அக்கா ஏறுகிற பெரிய சவாரிகளின் வாசலில் உயரம் அளக்கும் பலகையோடு நிறுத்தியிருப்பார்கள். அவன் வேலிக்கு வெளியே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அக்காவுக்குக் கை காட்டியிருப்பான். அவன் இன்னும் அந்தப் பார்க்குக்குப் போகவில்லை தங்கச்சி. வேலி வரைக்கும்தான் போயிருக்கிறான்.

இந்த உயரக் கட்டுப்பாட்டைப் பலர் தைரியத்தோடு சம்பந்தப்படுத்திக்கொள்கிறார்கள். "என் மகன் பயப்பட மாட்டான், ஏற்றுங்கள்" என்று வேலையாளோடு சண்டை பிடித்த அப்பாமாரை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். விஷயம் பயம் இல்லை. மடியில் விழுகிற இரும்புத் தண்டும் தோளை அழுத்துகிற பிடியும் ஓர் அளவு உடம்பை வைத்துச் செய்யப்பட்டவை. அதைவிடச் சின்ன உடம்பு, திருப்பத்தில் அந்தத் தண்டுக்குக் கீழால் வழுகிப் போகலாம். அதனால்தான் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 சென்ரிமீற்றர் கேட்கிறார்கள், கலிபோர்னியா டிஸ்னிலாந்தின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 102 போதும் என்கிறார்கள். சவாரிக்குச் சவாரி அளவு மாறும்.

இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் வளர்வார்கள். போன தடவை நான்கு விரல் குறைந்து நின்ற பிள்ளை இந்தத் தடவை தாண்டியிருப்பான். அப்படியென்றால் அது அவனுக்குப் புது இடம். தாண்டவில்லை என்றால், எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அதே வேலி, அதே கை காட்டல். ஆகவே ஒன்று செய்யுங்கள். தையல் நாடாவை எடுத்து, குதிக்காலைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து, தலைக்கு மேலே ஒரு கொப்பியை மட்டமாகப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டுத் திகதியும் எழுதுங்கள். பிறகு பார்க்குக்குத் தொலைபேசி எடுத்து, அவன் ஆசைப்படுகிற சவாரிகளுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று கேளுங்கள். ரிக்கெட் விலையைக் கேட்கிற எல்லோரும் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மழை. திருகோணமலைக்காரருக்கு இது ஏனோ மண்டையில் ஏறுவதில்லை. ஓகஸ்டில் இங்கே வெயில் கொளுத்துகிறது, கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. அதனால் நாடு முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. அது நனைக்கிற பக்கம் கொழும்பு, அவிசாவளை, மலைநாடு. ஹங்வெல்லவும் நுவரெலியாவும் அதற்குள்ளேதான். மழைக் காற்று மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, ஈரம் போன காற்றாகத்தான் நம் பக்கம் இறங்குகிறது. நம் ஊர்க் கச்சான் காற்று அதுதான். நமக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகு, வடகீழ்ப் பருவத்தில். அந்த நேரம் அவர்கள் பக்கம் மெல்ல மெல்லக் காயத் தொடங்கும்.

நானே இதில் பட்டவன். கலியாணமான புதிதில் அல்ல, பிள்ளைகள் பிறந்து, இந்தத் தொழிலுக்கும் வந்த பிறகுதான், ஓர் ஓகஸ்டில் குடும்பத்தை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாளும் தூறல். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடுபனி, அதைத் தவிர ஒன்றும் இல்லை. தங்கிய விடுதியில் சுடுதண்ணீரும் வரவில்லை. அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கடதாசி விளையாடினோம். இரண்டாம் நாள் மத்தியானம் என் சின்ன மகன் கேட்டான், "அப்பா, எப்ப கடலுக்குப் போறது?" வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் கடல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வந்து நனைந்துகொண்டு நிற்கிறோம். மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், நுவரெலியா ஜனவரி முதல் மார்ச் வரை அழகு. ஏப்ரலும் நல்லதுதான், ஆனால் அது சீசன்; அறை விலையைக் கேட்டால் குளிர் போய்விடும்.

அதனால் ஓகஸ்டில் காய்ந்த பக்கமாகவே புது இடம் பாருங்கள். தீம் பார்க்கை டிசம்பர் லீவுக்குத் தள்ளுங்கள். அந்த நேரம் இங்கே ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். கொழும்புப் பக்கம் போக அந்த லீவு தோதானது. நம் பக்கம் புயல், வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் வானிலை அறிக்கை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நத்தார், புது வருட நாட்களைத் தவிர்த்து ஒரு வார நாளில் போனால் வரிசையும் பாதியாகும்.

வருடத்தில் ஒரு பயணத்துக்குத்தானே காசு இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஓகஸ்ட் பயணத்தைச் சின்னதாகச் சொல்கிறேன். நான் முதலில் சொல்வது யானை. காலபோக நெல் விதைக்கிற மாரியில் நிரம்பின மின்னேரியாக் குளம் யூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் வற்றும். வற்றின குளப்படுகையில் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். இங்கிருந்து கந்தளாய் தாண்டி ஹபரணைக்கு இரண்டு மணித்தியாலம்தான். வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து பார்க்கிற காட்சி. திருகோணமலைப் பிள்ளைகள் அதைப் பாடப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்! ஒரு எச்சரிக்கை: மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் இருந்து தண்ணீர் வருவதால் சில வருடங்களில் குளம் ஓகஸ்டிலும் நிரம்பிக் கிடக்கிறது, அப்போது புல்லும் இல்லை, யானையும் குறைவு. முதல் நாளே ஜீப்காரரிடம் "இப்ப எந்தக் குளத்தில நிக்குது?" என்று கேளுங்கள். கவுடுல்ல என்றால் கவுடுல்லவுக்குப் போங்கள், அது நமக்கு இன்னும் கிட்ட. பின்னேர ஜீப்பில் ஏறுங்கள், அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு உள்ளதைவிட மிகக் குறைவு.

ஓகஸ்டிலேயே இன்னொரு தெரிவு யாழ்ப்பாணம். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்க் கொடியேறி 25 நாள் திருவிழா பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் விழும். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு போகலாம். நேரம் இருந்தால் நெடுந்தீவுக் குதிரைகளையும் பார்க்கலாம். தேர், தீர்த்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இதைச் சொல்லும்போது மாமி நினைவுக்கு வருகிறார். மூன்று பயணத்திலும் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு மர நிழல் வாங்கில், ஈரத் துவாய்களுக்கும் செருப்புகளுக்கும் சாப்பாட்டுப் பைக்கும் காவலாக இருந்திருப்பார். 68 வயதில் அந்தப் பார்க்கில் அவருக்கு ஏற ஒன்றும் இல்லை. அதனால் டிசம்பரில் போகும்போது ஒரு நாள் கூட்டி, கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் கட்டுவித்த கோயில். வெளியே சந்தைச் சத்தம் எப்படி இருந்தாலும் உள்ளே தரை குளிர்ந்து கிடக்கும். யாழ்ப்பாணம் என்றால் நல்லூரை விட்டு அவரை நீங்கள்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

இடையில் ஒன்று. உப்புவெளிக் கடற்கரையில் இருந்துகொண்டு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, காசு கொடுத்துத் தண்ணீரில் விளையாடப் போகிறார்களே என்று உங்களைச் சிலர் கிண்டல் பண்ணியிருப்பார்கள். நானும் பண்ணியிருக்கிறேன். பிறகு யோசித்தேன், நம் வீடுகளில் எந்த அம்மா பிள்ளையை முழங்காலுக்கு மேல் கடலில் இறங்க விடுகிறார்? பார்க்கில் தண்ணீர் இடுப்பளவு, அடியில் இழுவை இல்லை, விசில் ஊத ஆள் நிற்கிறது. பிள்ளைக்கு அங்கே கிடைப்பது தண்ணீர் இல்லை, "போ" என்ற சொல்.

கடைசியாகத் திரும்பி வருகிற வழி. உளவியலாளர் டானியல் கானமனும் கூட்டாளிகளும் 1993 இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களின் கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். ஒரு தடவை 60 விநாடி. இன்னொரு தடவை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசி 30 இல் குளிரைச் சற்றுக் குறைத்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதைத்தான் கேட்டார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் முழுவதுமே பரவாயில்லை என்று மனம் பதிந்துகொண்டது. நம் ஊர்ப் பயணங்கள் எப்படி முடிகின்றன? பார்க் பூட்டும் வரை நின்று, நனைந்த உடுப்போடு வானில் ஏறி, குருநாகலில் கொத்துரொட்டி, தம்புள்ளையில் ஒருவர் சொப்பின் பையில் வாந்தி, ஹபரணைக் காட்டில் எல்லோரும் எல்லோரோடும் சண்டை, விடிய இரண்டு மணிக்கு வீடு. பார்க் பார்க் என்று பிள்ளை இன்னும் கேட்கிறது என்றால் அந்த இடம் உண்மையிலேயே நல்லதாகத்தான் இருக்க வேண்டும்!

அந்தப் பின்னேரமே திரும்பாதீர்கள். அவிசாவளைப் பக்கம் ஒரு சாதாரண அறை எடுத்துத் தூங்கி, காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்தில் வாருங்கள். அறைக்குக் காசு போதாவிட்டால் பார்க்குக்குள் வாங்குகிற சாப்பாட்டை வெட்டுங்கள், அறையை வெட்டாதீர்கள். வானில் சின்னவனை முன் இருக்கைக்குப் பின்னால், வெளியே பார்க்கிற மாதிரி இருத்துங்கள்; கடைசி இருக்கையில்தான் வயிறு அதிகம் பிரட்டும்.

உயரம் அளக்கிற வேலையை மட்டும் அவன் நித்திரையால் எழும்பிய கையோடு, ஏன் என்று சொல்லாமல் செய்யுங்கள். பள்ளிக்கூடச் சட்டைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். டிசம்பர் நெருங்கும்போதும் இரண்டு சென்ரிமீற்றர் குறைவாக இருந்தால் பார்க்கை அடுத்த டிசம்பருக்குத் தள்ளிவிட்டு, இந்த டிசம்பருக்கு வேறு இடம் யோசிப்போம். எனக்கு மறுபடி எழுதுங்கள்.