மாளிகைச் சிரிப்பு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நண்பன் ஒருவன் ‘சால்ட்பேர்ன்’ படத்தைப் பார்க்கச் சொன்னான். அவன் தன்பாலீர்ப்புள்ளவன், எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறான். ஆங்கிலேயப் பிரபு வீடு, அளவுக்கு மிஞ்சிய அலங்காரம், காமம், கொலை. முகம் சுளித்தேன், ஆனாலும் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். போரும் சுனாமியும் கண்ட எங்களுக்கு இந்தப் பணக்காரக் கூத்தில் என்ன இருக்கிறது? அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

க., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

நண்பரை அடையாளம் காட்டக்கூடிய வரிகளை நீக்கிவிட்டேன்.

‘கூத்து’ என்று நீங்கள் வசையாக எழுதிய சொல்லையே பிடித்துக்கொள்கிறேன். எங்கள் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசன், வளையம் வைத்து அகல விரிந்த கரப்புடுப்போடு களரி என்னும் ஆடுகளத்தைச் சுற்றி வரும்போது, எந்த அரசன் இப்படி உடுத்தான் என்று நாம் கேட்பதில்லை. அதிகாரம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது அந்த உடுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. ‘கேம்ப்’ என்ற பாணியும் மிகையை இப்படித்தான் நம்புகிறது. அது தன்பாலீர்ப்புள்ளவர்கள் உள்ளிட்ட பால்புதுமையினரிடையே வேர்விட்டதற்குச் சட்டமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு 1967 வரை குற்றம். நேரே சொல்ல முடியாததை உடையிலும் குரலிலும் இரட்டைப் பேச்சிலும் வைத்தார்கள். இலங்கையில் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் இதே உறவைத் தண்டிக்கும் 365ஆம் பிரிவை 1883இல் எழுதிவைத்ததும் அதே ஆங்கிலேயர்தான்.

என் மாமா ஒருவர் திரௌபதைக்கு ஆடுவார். துகிலுரியும் இரவில் பெண்கள் விம்மி அழுவார்கள். விடிந்ததும் கடையடியில் ஆண்கள் அவருடைய நடையை நடந்துகாட்டிச் சிரிப்பார்கள். பிறகு அவர் தோளை இறுக்கி, காலை அகட்டிவைத்து நடக்கப் பழகினார். நான் பார்த்தவரையில், அவர் பாடுபட்டுப் போட்ட வேடம் அந்தப் பகல் நடைதான். நாள் முழுதும் இப்படி வேடம் காக்கும் ஒருவருக்கு, ஊரின் பெரிய நிலக்காரரான போடியாரின் மிடுக்கும் பழகியெடுத்த நடைதான் என்பது சட்டென்று பிடிபடும்.

எமரால்ட் ஃபென்னல் 2023இல் எடுத்த இந்தப் படத்தின் மதியச் சாப்பாட்டுக் காட்சியை மறுபடி பாருங்கள். அந்தப் பிரபு வீட்டு மகன் இறந்துவிட்டான். உடலைக் கொண்டுபோவது கண்ணில் படாமல் திரைச்சீலையை இழுத்து மூடுகிறார்கள். அறை முழுதும் சிவந்துபோகிறது. சாப்பாடு நடந்தாக வேண்டும். மகள் வைன் ஊற்றுகிறாள். கிளாஸ் நிரம்பி வழிந்தும் கை நிற்கவில்லை. வாய்விட்டு அழக்கூட அந்த வீட்டின் பழக்கம் இடங்கொடுக்கவில்லை. சிரிப்பு வருகிறது, வயிறும் கலங்குகிறது. ஒரு போடியார் வீட்டு மரணத்தில், கிடத்திய உடலுக்குப் பக்கத்திலேயே, வெற்றிலை வட்டாவை (தட்டை) முதலில் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, நீட்டுவது என்று அரை மணி நேரம் வழக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று சிரிக்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. படம் பார்க்கும்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒலிவரின் திட்டத்தை வரிசையாக விளக்கியிருக்க வேண்டியதில்லை. ஆசை எது, வன்மம் எது என்று பிரிக்க முடியாதிருந்தவரைதான் அவன் உயிருள்ள மனிதன். விளக்கியதும் வெறும் கொலைகாரனாகிவிடுகிறான். தன்பாலீர்ப்புள்ளவனைக் கொலைகாரனாகக் காட்டும் பழைய பழக்கமும் எனக்கு வலிக்கிறது. உங்கள் நண்பருக்கும் வலித்ததா என்று கேளுங்கள்.

எவ்வளவு இழந்தவர்களானாலும் அழுகைப் படம் மட்டுமே பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்களை நம்பித்தான் அவர் இந்தப் படத்தைச் சொல்லியிருக்கிறார். எந்தெந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று அவருக்கு இன்றைக்கே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா