மூட்டுவலி உள்ள அப்பாவோடு பிஎம்டபிள்யூ 318i கார்: கல்முனைத் தம்பிக்குப் பதில்

தம்பி, 2016 மாடல் 318i கார் கிடைத்திருக்கிறது, அப்பாவுக்கு மூட்டுவலி, நம்ம ரோட்டுக்குச் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். அதே கார்தான் மூன்று வருடமாக மட்டக்களப்பில் ஓட்டுகிறேன்.

முதலில் அப்பாவைக் கூட்டிப்போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இருக்கை தாழ்வு. என் அம்மா இறங்கும்போது ஒரு கையால் கதவைப் பிடித்து, மற்றக் கையை என் தோளில் ஊன்றித்தான் எழும்புவார். உள்ளே இருந்துவிட்டால் சுகம்தான்.

அடுத்தது ரயர். இதற்கு வருவது ரன்ஃபிளாட். காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீற்றர் வரை ஓடலாம், அதனால் ஸ்பெயார் வீல் இல்லை. ஆனால் பக்கச்சுவர் தடிப்பு, ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். மன்னம்பிட்டிக்குக் கிட்ட இரவில் ஒரு குழிக்குள் விழுந்து, காலையில் பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். அந்த அளவு ரயர் கொழும்பிலிருந்து வர நான்கு நாள். பிறகு நான்கையும் சாதாரண ரயராக மாற்றினேன். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. டிக்கியில் காற்றடிக்கும் மெஷினும் பஞ்சர் கிட்டும் கட்டாயம் வையுங்கள்.

ஒக்டேன் 95 பெற்றோல் அடியுங்கள். மாரி வெள்ளத்தில் இறக்கவே வேண்டாம்.

ஆனால் மகியங்கனையில் இருந்து பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறும்போது ஸ்டியரிங் கையோடு பேசும் தம்பி. அதற்காகவே நான் இன்னும் விற்கவில்லை.