மாலையிட்ட ஊழியரின் தாடி: குமுளி விடுதியாளருக்குப் பதில்

ஐயா, வணக்கம். குமுளியில் உள்ள தங்கள் விடுதியில், சபரிமலைக்கு மாலையிட்டிருக்கும் ஊழியர்கள் இருவர் தாடியை மழிக்க மறுப்பதாகவும், விருந்தினர் ஒருவர் அதைக் குறை கூறியதாகவும் எழுதியிருந்தீர்கள். 41 நாள் விரதத்தில் இருப்பவரை மழிக்கச் சொல்வது முறையன்று. அதற்குத் தேவையும் இல்லை. சமையற்கட்டில் நிற்பவருக்குத் தொப்பியும் தாடி வலையும் கொடுங்கள். பரிமாறுபவருக்கு முகக்கவசம் போதும். காலையும் மாலையும் குளிப்பவர்கள் என்பதால், வியர்வை நாற்றம் குறித்து இவர்களிடம் கவலைப்பட வேண்டியதில்லை (மற்றவர்களுக்குத்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்!).

என் கவலையெல்லாம் கைகளைப் பற்றியதே. மணிக்கட்டுக் கயிறும் மோதிரமும் ஈரத்தையும் அழுக்கையும் தேக்கி வைத்துக்கொள்வதால், எவ்வளவு கழுவினாலும் அவற்றின் அடியில் உள்ள தோல் சுத்தமாவதில்லை. ஆகவே பணி நேரத்தில் அவற்றைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்குச் சென்று வந்த பின்பும், பணத்தைத் தொட்ட பின்பும், நக இடுக்கு உட்பட 20 வினாடி சோப்பிட்டுத் தேய்க்க வேண்டும். கழுத்து மாலையைக் கழற்றச் சொல்லாதீர்கள். சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டால், குனியும்போது சாம்பாரில் தொங்காது.

செருப்பணியாதவரைக் கொதிக்கும் எண்ணெய்க்கு அருகே நிறுத்தாமல், விரதம் முடியும்வரை வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாட்டிலுள்ள கம்பத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்களானாலும், வேலை கேரளத்தில் என்பதால், உணவைக் கையாளும் எல்லோரிடமும் ஹெல்த் கார்டு (உணவைக் கையாள உடல்தகுதி உண்டு என்னும் மருத்துவச் சான்று) இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.