ரோபோவுக்குக் கேழ்வரகு களி தெரியுமா?

வணக்கம்மா. பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்குத் துணையா இருக்கிற ரோபோ செய்யப்போறேன்னு அடம்பிடிக்கிறா, இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமான்னு குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஐரோப்பாவில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2015 முதல் 2019 வரை நடந்த பிஏஎல் என்ற ஆராய்ச்சித் திட்டத்தில், நெதர்லாந்திலும் இத்தாலியிலும் டைப் 1 சர்க்கரை உள்ள 7 முதல் 14 வயதுப் பிள்ளைகளோடு, நாவோ என்ற 58 சென்டிமீட்டர் உயர மனித உருவ ரோபோ ஆஸ்பத்திரியில் பேசியது, அதே ரோபோவின் உருவம் வீட்டில் டேப்லெட்டில் வந்தது.

ஆனால் அதன் உயிர் மோட்டாரில் இல்லை. பிள்ளை "கை நடுங்குது, கிறுகிறுன்னு வருது" என்கிறது. நர்ஸ் அதை "லோ சுகர்" என்பார், மீட்டரில் 70-க்குக் கீழே ஓர் எண் காட்டும், அம்மாவோ "பசி மயக்கம்" என்று நினைப்பார். எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று ரோபோவுக்குத் தெரிந்தால்தான், உடனே குளுக்கோஸ் எடு, கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணு என்று அது நினைவூட்ட முடியும். நோய், சாப்பாடு, மனநிலை, பிள்ளை தானே கற்றுக்கொள்ள வேண்டியவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து எழுதி வைப்பதைத்தான் ஆன்டாலஜி என்கிறார்கள். ரோபோ, டேப்லெட், நர்ஸ் பார்க்கும் திரை எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அங்கே ரொட்டியும் பாஸ்தாவும். நம்ம பிள்ளையின் தட்டில் கேழ்வரகு களி, கல்யாணத்தில் ஆம்பூர் பிரியாணி, யாராவது வாங்கி வரும் ஆற்காடு மக்கன் பேடா. ஒரு பேடாவில் எவ்வளவு மாவுச்சத்து, ஓர் உருண்டை களியில் எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து எழுதினால்தானே ரோபோ நம்ம பிள்ளையோடு பேசும்? உங்கள் பொண்ணு அதைச் செய்யட்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, படிப்பு. ரோபோட்டிக்ஸ் என்ற பெயருக்காக நகையை அடகு வைத்து டொனேஷன் கட்டாதீர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும், பயோமெடிக்கல் கிடைத்தாலும் நல்லது. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது, சிஎம்சி மருத்துவக் கல்லூரியும் அதே பாகாயத்தில்தான். இந்த வேலைக்கு நர்ஸ், டயட்டீஷியன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வேண்டும், நிறைய இன்ஜினியர்களிடம் நான் பார்க்காதது அது. "ரோபோ ஆன்டாலஜி" என்று வேலை விளம்பரம் வராதும்மா, ஆனால் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரிலும் மருத்துவக் கருவி கம்பெனிகளிலும் இதே திறமைக்கு இடம் உண்டு.

இந்த லீவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும், ஆன்டாலஜி எழுத உதவும் ப்ரோட்டேஜே மென்பொருளை இறக்கி, உங்கள் வீட்டுச் சமையலில் இருபது சாப்பாட்டை மட்டும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாங்க, கவுன்சலிங் சாய்ஸ் லிஸ்ட்டை அன்றைக்குப் போடலாம்.