சுட்ட தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் சுட்டு முடித்த தோட்டாக்களைப் பொறுக்கி வந்து கார் ஷெட்டில் மறுபடி நிரப்புகிறார். இது பணம் மிச்சம் பிடிக்கவா? ஆபத்தில்லையா?
- வாசகர், திருச்சி

பதில்: தோட்டாவில் விலை கூடிய பாகம் பெரும்பாலும் அந்தப் பித்தளைக் கூடுதான், அது சுட்ட பிறகும் உருப்படியாகக் கையில் இருக்கும், அதனால் பழைய பிரைமரை, அதாவது கூட்டின் அடியில் அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று வைத்தால் வேலை முடிந்தது. மிச்சம்? மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவார்கள், உங்கள் மச்சானும் அப்படித்தான் இருப்பார்! நிஜமான ருசி வேறு: தன் ரைஃபிளுக்குத் தோதாக மருந்தைக் கூட்டிக் குறைத்து, குறி துல்லியமாக விழும் கலவையைக் கண்டுபிடிப்பது.

ஆபத்து உண்டு. மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள், ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்தான். கைத்துப்பாக்கித் தோட்டாவில் கவனம் சிதறி இரண்டு தடவை மருந்து போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம், போட மறந்தாலோ குண்டு குழாயில் சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் போச்சு. அச்சிட்ட அளவுப் பட்டியலை மீறாதவர்தான் இதில் நிலைப்பார்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அந்நாட்டு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம், விற்றுப் பிழைப்பதென்றால் வேண்டும். இங்கே ஆசைப்படாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை.