பாத்திரம் தட்டும் மகள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பொம்மைகளைத் தொடுவதே இல்லை, கரண்டியை எடுத்துக்கொண்டு தட்டு, கதவு, நாற்காலி என்று கண்டதையெல்லாம் தட்டுகிறாள். தலைவலி ஒருபக்கம் இருக்கட்டும், இதில் அவள் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறாள்? இசைப் பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வாங்கலாம். பொத்தானை அழுத்தினால் அது ஒரே பாட்டைப் பாடும், இரண்டே நாளில் பேட்டரியைக் கழற்றி ஒளித்துவைப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கரண்டியே மேல். அதே கரண்டி தட்டில் கணீர், மரத்தில் டொக், தலையணையில் சத்தமே இல்லை, இதைத்தான் அவள் கை வலிக்க வலிக்கச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த முறை தட்டு ஒலிக்கும்போது அதன் விளிம்பில் லேசாக விரல் வைக்கச் சொல்லுங்கள். விரலில் ஒரு குறுகுறுப்பு, உடனே சத்தமும் நின்றுவிடும். அதிர்வுதான் சத்தம் என்று நீங்கள் தனியாக வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அப்புறம் ஒன்று செய்து பாருங்கள், பெரியவர்களே அசந்துபோவார்கள். நீளமான நூலின் நடுவில் உலோகக் கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் இரு முனைகளையும் இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் சுற்றி, காதை அந்த விரல்களாலேயே மூடிக்கொண்டு, கரண்டி மேசையில் இடிக்கும்படி லேசாக ஆடச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் உங்களுக்குச் சின்ன 'டிங்', அவளுக்கோ பெரிய மணி அடித்த மாதிரி இருக்கும். அதிர்வு காற்றில் சிதறாமல் நூல் வழியாக நேரே காதுக்குப் போவதுதான் காரணம். நூலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பாட்டிலில் இன்னொரு வேடிக்கை. தண்ணீர் கூடக் கூட, தட்டினால் சத்தம் தாழும், வாயோரம் ஊதினால் உயரும். தட்டும்போது அதிர்வது கண்ணாடி, தண்ணீரின் கனம் அதை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, அதற்கு இடம் குறைந்தால் சத்தம் கீச்சென்று ஏறும். காரணத்தை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், என்ன சத்தம் வரும் என்று ஊகிக்க விடுங்கள், தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது.

தலைவலிக்கு: உலோகக் கரண்டியை அவளிடமிருந்து வாங்கிவைத்துவிட்டு மரக்கரண்டியைக் கொடுங்கள், சத்தம் பாதியாவது அடங்கும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டப்பாவில் பட்டன் போட்டுக் கிலுகிலுப்பை செய்து தரலாமா?

பதில்: வேண்டாம். மூடி கழன்றால் பட்டன் நேரே வாய்க்குப் போகும், தொண்டையில் அடைக்கும். மூன்று வயதுவரை வெறும் டப்பாவும் கசக்க ஒரு காகிதமும் போதும், அதையும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.